கேலி செய்த குரலே பாங்கொலித்தது

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630. ஹுனைன் போர் முடிந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் தொழுகை நேரம் வரவே, பாங்கு சொல்லப்பட்டது. சற்றுத் தொலைவில் மக்கத்து வாலிபர் கூட்டமொன்று நின்றிருந்தது. மக்கா வெற்றி கொள்ளப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தக் கசப்பு அவர்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. பாங்கின் ஓசை காதில் விழுந்ததும், அதே சொற்களைக் கேலியாகத் திருப்பிச் சொல்லிக் கூச்சலிட்டார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அழைத்துவரச் செய்தார்கள். ஓங்கி ஒலித்த குரல் யாருடையது என்று வினவினார்கள். எல்லோரும் ஒருவரையே சுட்டிக் காட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாலிபர்தாம் அபூமஹ்தூரா (ரலி) அவர்கள். அந்த வேளையில் நாயகத்தைப் போல் தமக்கு வெறுப்புக்குரியவர் வேறெவரும் இருக்கவில்லை என்று அவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். ஆனால் தண்டனையை எதிர்பார்த்து நின்றவருக்குக் கிடைத்ததோ வேறு. பாங்கின் வாசகங்களை நாயகம் (ஸல்) அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிந்ததும் வெள்ளி கொண்ட ஒரு பையை அன்பளிப்பாகத் தந்தார்கள். நெற்றியில் கைவைத்து, முகத்தையும் நெஞ்சையும் தடவி, பரக்கத் வேண்டித் துஆச் செய்தார்கள். உள்ளத்தில் இருந்த வெறுப்பெல்லாம் அன்பாக மாறிற்று. மக்காவில் பாங்கு சொல்லும் பொறுப்பைத் தமக்குத் தருமாறு அவர்களே கேட்டார்கள், தரப்பட்டது. கேலி செய்த அதே குரல், ஆயுள் முழுதும் மக்கா நகரைத் தொழுகைக்கு அழைத்தது. அவர்களுக்குப் பின் அவர்கள் வழிவந்தோரும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அன்பிற்குரிய வாசகர்களே! நஸாயீ, இப்னு மாஜா முதலிய நூல்களில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாங்கின் சட்டங்களைப் பேசும்போதெல்லாம் இதனை எடுத்துக் கூறுகிறோம். ஆனால் வழிதவறி நிற்கும் ஒரு வாலிபனை எப்படி மீட்பது என்ற பாடமும் இதில் அடங்கியிருப்பதைச் சிந்தித்தோமா? தவறு வெளிப்பட்ட இடத்திலேயே திறமையும் வெளிப்பட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துத் தனி மனிதராக மதித்தார்கள். அருகே நிறுத்தி, தாமே கற்றுக் கொடுத்தார்கள். இறுதியாக ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். திருத்தம் என்பது இவ்வளவும் சேர்ந்ததேயன்றி வெறும் கண்டனமன்று.

தெருமுனையில் நிற்பவர்கள்

இப்போது நம் மஹல்லாவைப் பார்ப்போம். இஷாத் தொழுகை முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பும் வேளையில் தெருமுனையில் நாலைந்து வாலிபர்கள் நிற்கிறார்கள். ஒருவன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஒருவனுடைய தந்தை வளைகுடா நாட்டில் சபுர் செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, மகன் தம்மைவிட உயரமாக வளர்ந்திருப்பதைக் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஒருவன் வீட்டில் நாள்தோறும் சண்டை. கையில் கைப்பேசி, உள்ளத்தில் சொல்லத் தெரியாத கோபம். இத்தகைய பிள்ளைகளைத்தான் போதை மாத்திரை விற்பவன் முதலில் இனங் காண்கிறான். அவன் பெயர் சொல்லி அழைக்கிறான். தேநீர் வாங்கிக் கொடுக்கிறான். 'நான் இருக்கிறேன்' என்கிறான். நாம் செய்ய வேண்டியதை அவன் செய்கிறான்!

நாம் என்ன செய்கிறோம்? பார்த்தும் பாராதது போல் கடந்து போகிறோம். அல்லது முடிவெட்டைக் குறை கூறுகிறோம். பள்ளிவாசலுக்குள் வந்தாலோ, பின்வரிசையில் சிரித்தான் என்று விரட்டுகிறோம். விரட்டப்பட்ட பிள்ளை மறுநாள் வரமாட்டான். அவன் போகும் இடம் எது என்பதை விரட்டியவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதில் இழக்கப்படுவது சிறிதன்று. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்த ஒருவன் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், முதற்கட்ட ஆய்வுக்குப் பின் அவனை வயது வந்தவனாகவே கருதி விசாரிக்க இடமுண்டு. ஒரு மாலை நேரத்துக் கைகலப்பு, ஒரு வாழ்நாளையே விழுங்கிவிடக் கூடும். அந்தக் கைகலப்புக்கு முன், கோபத்தை அடக்கிக்கொள்ள அவனுக்கு யாரேனும் கற்றுக் கொடுத்ததுண்டா?

குணமும் ஒரு கல்வியே

அலிஃப், பே எழுத்துகளைக் கற்றுக் கொடுக்க நாம் மதரஸா வைத்திருக்கிறோம். கணக்கும் அறிவியலும் கற்றுக் கொடுக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் கோபத்தை அடக்குதல், பிறர் துன்பத்தை உணர்தல், தீய நண்பனிடம் 'வரமாட்டேன்' என்று சொல்லுதல், தோல்வியைத் தாங்குதல், தவறு செய்தால் மன்னிப்புக் கேட்டல் ஆகியவை பிள்ளைக்குத் தாமாகவே வந்துவிடும் என்று எண்ணுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்து, அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. திருமறையின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள். அன்பொழுக மகனே என்று விளித்து, இணை வைத்தலைத் தடுத்துத் தொடங்குகிறார்கள். தொழுகையையும் பொறுமையையும் ஏவுகிறார்கள். அங்கேயே நின்றுவிடவில்லை. மக்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, செருக்குடன் நடவாதே, நடையில் நடுநிலை கொள், குரலைத் தாழ்த்து என்ற கருத்துகளையும் அதே உபதேசத்தில் சேர்த்து முடிக்கிறார்கள். நடையும் குரலும்கூடப் பயிற்றுவிக்க வேண்டியவை என்பது இதிலிருந்து விளங்குகிறதன்றோ?

வலிமை மிக்கவன் மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் அல்லன். கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதற்கு வழியும் காட்டினார்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும். அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது அபூதாவூத் நூலில் வரும் அறிவுரை. உடல் தணிந்தால் உள்ளம் தணியும் என்ற நுட்பம் இதில் இருக்கிறது. இதனை வகுப்பில் ஒப்பிக்கச் செய்வதால் பயனில்லை. பந்தாட்டத்தில் காலை வாரிவிட்டான் என்று ஒரு பிள்ளை முஷ்டியை உயர்த்தும் நேரத்தில், தோளில் கைபோட்டு, திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கல்வி நடைபெறும் நேரம் அதுதான்.

முதலில் கேட்பது

ராஃபிஃ இப்னு அம்ர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களில் கல்லெறிவது வழக்கம். பிடித்து நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் கேட்ட முதற் கேள்வி, ஏன் கல்லெறிகிறாய் என்பதுதான். உண்பதற்காக என்றார் சிறுவர். கல்லெறிய வேண்டாம், கீழே விழுந்திருப்பதை உண்ணலாம் என்று வழிகாட்டி, தலையைத் தடவி, அவர் வயிறு நிறையத் துஆச் செய்தார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் இருந்தது குறும்பன்று, பசி. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலிருந்தால் அது எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். இன்று நம் தெருவில் எறியப்படும் கற்களுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு பசி இருக்கிறது. அது சோற்றுப் பசியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஒரு வாலிபர் சபையில் வந்து, விபசாரத்துக்கு அனுமதி கேட்டார்! கூடியிருந்தோர் அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை அருகே வரச் சொன்னார்கள். உன் தாய்க்கு இது நேர்வதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு, சாச்சிக்கு விரும்புவாயா என்ற கருத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றே பதில் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே விரும்பமாட்டார்கள் என்று உணர்த்திய பின், அவர் மீது கைவைத்து, பாவ மன்னிப்பும் உள்ளத் தூய்மையும் கற்பொழுக்கமும் வேண்டித் துஆச் செய்தார்கள். அதன் பின் அந்த வாலிபர் எதன்பாலும் திரும்பவில்லை. பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பயிற்சியை இதைவிடத் தெளிவாக யார் கற்பிக்க இயலும்? பெரியவர்கள் அதட்டாமல் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான், வாலிபன் தன் உள்ளத்து அழுக்கை வெளியே சொல்வான். சபையில் சொல்ல இயலாததை அவன் தெருமுனையில்தான் சொல்வான். அங்கே கிடைக்கும் பதிலை நாம் அறிவோம்.

ஆடுகளமும் அகழியும்

மதீனத்து வாலிபர்கள் உபதேசத்தால் மட்டும் உருவாகவில்லை. சேர்ந்து விளையாடினார்கள், சேர்ந்து உழைத்தார்கள். அஸ்லம் குலத்தார் அம்பெய்யும் போட்டி நடத்திக்கொண்டிருந்த இடத்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். அம்பெய்யுமாறு ஊக்கி, தாம் ஒரு பக்கத்தாருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறுபக்கத்தார் கையை நிறுத்திவிட்டார்கள். நாயகமே எதிரணியில் இருக்கும்போது எப்படி எய்வது என்பது அவர்கள் தயக்கம். அப்படியானால் நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்று கூறி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்பதற்கு இதனை விடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைக் காக்க அகழி தோண்டப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மேற்பார்வை மட்டும் செய்துகொண்டு நிற்கவில்லை. வயிற்றில் புழுதி படிய, தாமே மண் சுமந்தார்கள். தலைவர் மண் சுமப்பதைக் கண்ட வாலிபனுக்குப் பொறுப்புணர்ச்சி பற்றித் தனிச் சொற்பொழிவு தேவைப்படுமா?

நோன்புக் கஞ்சி தரும் பாடம்

இத்தகைய களங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ரமளான் மாதத்தில் தமிழகப் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். லுஹருக்குப் பின் அடுப்பு மூட்ட வேண்டும். அரிசியும் பருப்பும் களைந்து, இஞ்சியும் பூண்டும் உரித்து, தேக்சாவில் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அஸருக்குப் பின் தூக்குவாளிகளுடன் வரும் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும்; சமய வேறுபாடின்றி வந்து நிற்கும் அண்டை வீட்டாருக்கும் முகமலர்ச்சியுடன் ஊற்ற வேண்டும்.

தெருமுனை வாலிபன் ஒருவனிடம் அகப்பையைக் கொடுத்துப் பாருங்கள். தான் பசித்திருந்து பிறர் பாத்திரத்தை நிரப்பும்போது பொறுமை பயில்கிறான். வரிசையில் முந்த முயல்பவரைச் சினக்காமல் திருப்பி அனுப்பும்போது நாவடக்கம் பயில்கிறான். மெலிந்த கையுடன் நிற்கும் விதவைக்கு இன்னொரு அகப்பை ஊற்றும்போது இரக்கம் பயில்கிறான். ஒருநாள் அவன் கவனக் குறைவால் கஞ்சி அடிபிடித்துவிட்டால், ஏசாதீர்கள். மறுநாளும் அவனையே கிண்டச் சொல்லுங்கள். தவறினால் உலகம் முடிந்துவிடுவதில்லை, திருத்திக்கொள்ளலாம் என்பதை அன்று அவன் கற்றுக்கொள்கிறான்.

ரமளானோடு முடிந்துவிட வேண்டியதில்லை. அடக்கஸ்தலத்தைத் துப்புரவு செய்தல், கபுறு வெட்ட உதவுதல், நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், மக்தப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தல், பந்தாட்டம், சிலம்பம் எனப் பணிகள் ஏராளம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பள்ளிவாசல்கள் கதவு திறந்தன. நம் வாலிபர்கள் இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய்க்குப் பலியானோரின் உடல்களை, உற்றாரே நெருங்க அஞ்சிய வேளையில், சமயம் பாராது நல்லடக்கம் செய்தார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் உருப்படமாட்டார்கள்' என்பவர்கள் அந்த நாட்களை நினைவுகூரட்டும். அழைப்பு வந்தால் அவர்கள் வருவார்கள். வெள்ளம் வரும்வரை நாம் அழைக்காதிருப்பதுதான் குறை.

இடையில் கைவிடலாகாது

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஒருநாள் முகாம் நடத்தி, சான்றிதழ் வழங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு பிரிவதால் எந்தப் பிள்ளையும் மாறுவதில்லை. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணிவிடையில் இருந்தார்கள். அந்தக் காலம் முழுதும் ஒருமுறைகூடச் 'சீ' என்று தம்மைச் சொன்னதில்லை என்று சான்று பகர்கிறார்கள். ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், வழியில் சிறுவர்களின் விளையாட்டைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து பிடரியைப் பிடித்தவர் யார் என்று திரும்பிப் பார்த்தால், நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்! ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்றவரின் பொறுமைக்கு இதுவே அளவுகோல்.

பிற நாட்டார் அனுபவமும் இதனையே கூறுகிறது. 1904ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், சிறார் நீதிமன்ற எழுத்தர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டு வரும் சிறுவர்களின் நிலை கண்டு மனம் வருந்தி, ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பெரியவர் துணையாக வேண்டும் என்று ஊராரை அழைத்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தை ஆராய்ந்து 1995இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்குத் துணைவர் அமர்த்தப்பட்டனர்; மறுபாதியினர் காத்திருந்தனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, துணைவர் பெற்றவர்கள் போதைப் பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆனால் 2002இல் வெளிவந்த தொடராய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது: மூன்று மாதங்களுக்குள் முறிந்துபோன உறவுகளால் பிள்ளைகளின் தன்மதிப்புக் குறைந்திருந்தது. நன்மை மிகுதியாகக் கிடைத்தது, ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான். முன்பே ஒருவரால் கைவிடப்பட்ட பிள்ளை, நம்மாலும் கைவிடப்படுவானேயானால் அவன் புண் ஆழமாகிறது. எனவே, ஓராண்டு தொடர இயலாதவர் தொடங்காதிருப்பதே நலம்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் பொறுமையும் நல்லொழுக்கமும் உடைய ஐந்து பேரையேனும் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் ஆலிம்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடைக்காரர், ஆசிரியர், ஓட்டுநர், மின்பணியாளர் எவரும் ஆகலாம். ஒருவருக்கு ஒரு வாலிபன். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம். பெற்றோரின் சம்மதத்துடன், எல்லோர் பார்வையும் படும் திறந்த இடத்தில் சந்திக்க வேண்டும்; மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவருக்கும் பாதுகாப்பு. பெண்மக்களுக்கு இவ்வாறே பக்குவமுள்ள பெண்கள் துணையாகட்டும். அவர்கள் மனச்சுமை வெளியே தெரியாததாலேயே அது இல்லை என்றாகிவிடாது.

நம் சக்திக்கு மீறியதும் உண்டு. போதைக்கு அடிமையானவனுக்கும், உயிரை வெறுத்துப் பேசுபவனுக்கும் உபதேசம் மட்டும் போதாது, மருத்துவம் வேண்டும். மனநல ஆலோசனைக்காக 2022இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும், துன்பத்திலிருக்கும் சிறாருக்கான 1098 என்ற எண்ணையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கம் நம்முடையது.

அன்பர்களே! இருபது இரவுகள் மதீனாவில் தங்கிக் கல்வி பயின்ற வாலிபர் குழுவொன்றில் மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஒருவர். அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டுவந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுமாறு கூறினார்கள். வாலிபனின் முகத்தைப் பார்த்து உள்ளத்தை அறியும் அந்தக் கனிவு நம்மிடம் அருகிவருகிறது.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, வாசலருகே ஒதுங்கி நிற்கும் வாலிபனுக்கு நீங்களே முந்தி ஸலாம் கூறுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். பிறகு அவன் கையால் செய்யத்தக்க ஒரு வேலையைக் கொடுங்கள். இன்று கேலி பேசும் குரல்களில் எந்தக் குரல் நாளை நம் ஊரின் மினாராவிலிருந்து ஒலிக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்து, அவர்களுக்குத் துணைநிற்கும் பொறுமையையும் கனிவையும் நமக்கு நல்கியருள்வானாக! ஆமீன்.